மட்டக்குதிரையும் அளவுகோலும்

ஸ்ரீ விஜயபுரத்தில், கடலை நோக்கிச் சரியும் மரைன் ஹில் மேட்டில் வாழும் மாணவர்களுக்கு உயரம் அளக்கும் நாள் புதியதன்று. பள்ளி மருத்துவப் பரிசோதனையின்போது காலணியைக் கழற்றிவிட்டுச் சுவரோடு முதுகை ஒட்டி நிற்க வேண்டும். குதிகால் தரையில் படிந்திருக்க வேண்டும். தலையின்மேல் அட்டையைக் கிடையாக வைத்துச் சுவரில் கோடு இடுவர். சற்று உயரமாகத் தெரிய விரும்பும் மாணவன் குதிகாலை மெல்ல உயர்த்துவதும், அதைக் கண்டு வகுப்பே சிரிப்பதும் வழக்கம். "நேராக நில்" என்று ஆசிரியர் கூறியவுடன் அவன் நேராக நின்றுவிடுவான்.

குதிரைக்கும் உயரம் அளக்கப்படுகிறது. அதனிடம் "நேராக நில்" என்று கூறிப் பயனில்லை. சுவரோடு ஒட்டி நிறுத்தவும் இயலாது. தலையையோ அது ஒரு நொடி உயர்த்தும், மறுநொடி புல்லைத் தேடித் தாழ்த்தும். அப்படியிருக்க, ஒரு குதிரையின் உயரம் இவ்வளவு என்று எப்படி உறுதியாகக் கூறுவது? சில இடங்களில் அரை அங்குல வேறுபாடு, ஒரு குதிரை எந்தப் பிரிவில் போட்டியிட வேண்டும் என்பதையே மாற்றிவிடுகிறது. எனவே இக்கேள்வி வேடிக்கைக் கேள்வியன்று.

கோடை விடுமுறையில் கப்பலேறித் தமிழ்நாட்டுச் சொந்த ஊருக்குச் செல்லும் மாணவர்கள் சிலர் மாட்டுவண்டிப் பந்தயத்தைக் கண்டிருப்பர். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, தூத்துக்குடி மாவட்டங்களின் சிற்றூர்களில் கோயில் திருவிழாவை ஒட்டி இப்பந்தயங்கள் நடைபெறுகின்றன. ஊர்ச் சுவரில் ஒட்டியிருக்கும் விளம்பரத் தாளில் பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்று பிரிவுகள் எழுதப்பட்டிருக்கும். கரிச்சான் என்பது கரிய சிறு பறவை. பூஞ்சிட்டும் தேன்சிட்டும் அதனினும் சிறியவை. உருவத்தாலும் வயதாலும் சிறிய மாடுகளுக்குச் சிறிய பறவைகளின் பெயரைச் சூட்டிய ஊர்மக்களின் நயம் பாராட்டத்தக்கது. இப்பந்தயங்களோடு குதிரைவண்டிப் பந்தயம் நடைபெறும் ஊர்களும் உண்டு. அங்கே பெரிய குதிரை, நடுக்குதிரை, சிறிய குதிரை என்று பிரிப்பர். கொங்கு வட்டாரத்தில் உயரத்தை அங்குலக் கணக்கில் குறித்தே பிரிவை அறிவிக்கும் வழக்கமும் உள்ளது.

ஏன் இப்படிப் பிரிக்க வேண்டும்? நீண்ட கால்களை உடைய குதிரை ஒரு தாவலில் கடக்கும் தொலைவைக் குட்டையான குதிரை ஒரு தாவலில் கடக்க இயலாது. இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்தினால், பந்தயம் தொடங்கும் முன்பே முடிவு ஏறத்தாழத் தெரிந்துவிடும். பார்ப்பவர்க்கு அதில் சுவை இராது. சிறிய குதிரையின் உரிமையாளர்க்கு அதை வளர்க்கும் ஊக்கமும் இராது. பின்னது பெரிய இழப்பு என்பதற்கு மணிப்பூர்க் குதிரையின் வரலாறே சான்று.

மணிப்பூர்க் குதிரை பதினொன்று முதல் பதின்மூன்று கை வரை உயரமுடையது. (கை என்னும் அளவு பின்னர் விளக்கப்படும். இப்போதைக்கு ஏறத்தாழ 112 முதல் 132 செ.மீ. எனக் கொள்க.) அம்மாநில மக்கள் நெடுங்காலமாக 'சகோல் காங்ஜெய்' என்னும் ஆட்டத்தை இக்குதிரைகளின் மேல் ஏறி விளையாடி வந்தனர். ஆங்கிலேயர் அதைக் கண்டு கற்றனர். 1859 இல் அசாமின் சில்சாரில் முதற்கழகம் அமைத்தனர். அதுவே இன்று உலகெங்கும் விளையாடப்படும் போலோ. தொடக்கத்தில் போலோவுக்கு உரிய குதிரை இவ்வளவு உயரத்தைக் கடக்கக் கூடாது என்று வரம்பு இருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல வரம்பு உயர்ந்தது. முதல் உலகப்போர் முடிந்த காலத்தில் அது முற்றிலும் நீக்கப்பட்டது. அதன்பின் விரைவும் உயரமும் மிக்க கலப்பினக் குதிரைகளே ஆடுகளத்தை நிரப்பின. ஆட்டத்தை உலகுக்கு அளித்த மணிப்பூர்க் குதிரைக்கு உலகப் போலோவில் இடமின்றிப் போயிற்று. அதன் எண்ணிக்கையும் குறைந்தது. 2016 இல் மணிப்பூர் அரசு அதைக் காப்பதற்கெனத் தனிக் கொள்கையே வகுக்க நேர்ந்தது. குறைவுக்கு மேய்ச்சல் நிலம் சுருங்கியது போன்ற வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் உயர வரம்பு என்ற வேலி நின்றிருந்தால் அக்குதிரைக்கு வெளியுலகிலும் ஒரு வேலை இருந்திருக்கும்.

சிறிய குதிரையைத் தமிழில் மட்டக்குதிரை என்பர். கொடைக்கானல் ஏரிக்கரையில் சிறுவர்களை ஏற்றிச் செல்லும் குதிரைகளை நோக்கி மூத்தோர் இச்சொல்லைப் பயன்படுத்துவதைக் கேட்கலாம். 'மட்டம்' என்ற சொல் சமமான கிடைநிலையையும் குறிக்கும். சுவர் எழுப்பும் கொத்தனார் செங்கல் வரிசையின்மேல் வைத்துப் பார்க்கும் சிறு கருவி ரசமட்டம் எனப்படுகிறது. அதன் கண்ணாடிக் குழலுக்குள் மிதக்கும் குமிழி நடுவில் நின்றால் வரிசை சமம் என்று பொருள். மட்டக்குதிரையை அளக்கவும் ரசமட்டம் தேவைப்படுகிறது என்பது சுவையான ஒற்றுமை.

குதிரைகள் ஏன் சிறுத்தன என்பதற்குத் தீவுகளில் ஒரு விடை கிடைக்கிறது. தீவில் வாழும் மாணவர்கள் இதை எளிதில் உணர்வர். ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்துத் தீவுகளில் குளிர் மிகுதி, புல் குறைவு. பெரிய உடலுக்கு வேண்டிய தீனி அங்கே கிடைப்பதில்லை. தலைமுறை தலைமுறையாகக் குட்டையான குதிரைகளே அங்கு நிலைத்தன. ஷெட்லாந்துக் குதிரையின் உயரம் 42 அங்குலத்தைக் கடக்கக் கூடாது என்பது இன்றைய இனப்பதிவு விதி. 1842 இல் பிரிட்டனில் பெண்களையும் பத்து வயது நிரம்பாத சிறுவர்களையும் சுரங்கத்தின் அடியில் வேலைக்கு வைப்பது சட்டத்தால் தடுக்கப்பட்டது. அவர்கள் இழுத்த நிலக்கரி வண்டிகளை இழுக்க இக்குட்டைக் குதிரைகள் பெருமளவில் சுரங்கத்துக்குள் இறக்கப்பட்டன. தாழ்ந்த கூரைக்குக் கீழே செல்ல அவற்றால் முடிந்தது. சிறுவர்களுக்குக் கிடைத்த விடுதலை அக்குதிரைகளின் முதுகில் சுமையாக ஏறியது.

தமிழர் வாழும் தீவு ஒன்றிலும் இத்தகைய குதிரைகள் உள்ளன. யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே உள்ள நெடுந்தீவில் போர்த்துக்கீசியரும் அவர்களுக்குப்பின் ஒல்லாந்தரும் குதிரைகளைப் பேணினர். அவர்கள் சென்றபின் எஞ்சியவற்றின் வழிவந்த மட்டக்குதிரைகள் இன்றும் அங்குக் கட்டுப்பாடின்றித் திரிகின்றன. வறட்சிக் காலத்தில் நீரின்றி அவை துன்புறுகின்றன. அத்தீவின் ஒரு பகுதி 2015 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

மட்டக்குதிரையினும் சிறியது மினியேச்சர் குதிரை. இதைக் குறுங்குதிரை எனலாம். ஷெட்லாந்துக் குதிரைகளையும் வேறு சிறிய குதிரைகளையும் தேர்ந்தெடுத்து இணைத்து மனிதர் உருவாக்கியது இது. அர்ஜென்டினாவின் பலபெல்லா குடும்பத்தார் வளர்த்த குதிரைகள் இவ்வகையில் புகழ்பெற்றவை. குறுங்குதிரை வேலைக்கு உரியதன்று. கண்காட்சிக்கும் வளர்ப்புக்கும் உரியது. பெரிய குதிரையை அப்படியே சுருக்கியது போன்ற உடலமைப்பு அதற்கு வேண்டும் என்று எதிர்பார்க்கின்றனர். இங்கு உயரம்தான் இனத்தின் இலக்கணம். 1978 இல் தொடங்கப்பட்ட அமெரிக்கன் மினியேச்சர் ஹார்ஸ் அசோசியேஷன் 34 அங்குலத்தை, அதாவது 86.36 செ.மீ. உயரத்தை, எல்லையாக வைத்துள்ளது. அமெரிக்கன் மினியேச்சர் ஹார்ஸ் ரெஜிஸ்ட்ரி என்னும் மற்றோர் அமைப்பு 34 அங்குலம் வரை 'ஏ' பிரிவு என்றும், அதற்கு மேல் 38 அங்குலம் வரை 'பி' பிரிவு என்றும் பகுத்துள்ளது. கண்காட்சியில் இப்பிரிவுகளுக்குள்ளும் இரண்டிரண்டு அங்குல இடைவெளியில் உட்பிரிவுகள் அமைப்பதுண்டு. 34 அங்குலம் என்பது இரண்டு முழத்துக்கும் குறைவு. ஐந்தாம் வகுப்பு மாணவனின் இடுப்பளவே அக்குதிரை நிற்கும்.

முழம் என்றவுடன் அளவைகளைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். தமிழர் தம் உடலையே அளவுகோலாகக் கொண்டனர். விரலின் அகலம் விரற்கடை. கட்டைவிரல் நுனி முதல் சுண்டுவிரல் நுனி வரை விரித்த அளவு சாண். இரண்டு சாண் ஒரு முழம். கடைத்தெருவில் மல்லிகைச் சரம் வாங்கும்போது, பூ விற்பவரின் முழங்கை குட்டையாக இருக்கிறதே என்று வாங்குபவர் முணுமுணுப்பதுண்டு. விற்பவரின் கையும் வாங்குபவரின் கையும் ஒத்திராதபோது முழமும் ஒத்திராது. இங்கிலாந்திலும் இதே சிக்கல் இருந்தது. அங்கே குதிரையை உள்ளங்கையின் குறுக்களவால் அளந்தனர். ஒருவர் கை அகலம், மற்றொருவர் கை ஒடுக்கம். பதினாறாம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி மன்னரின் காலச் சட்டம் ஒரு கை என்பது நான்கு அங்குலம் என்று வரையறுத்தது. போருக்குப் பயன்படும் பெரிய குதிரைகளைப் பெருக்க விரும்பிய மன்னர் அவர். உயரத்துக்குச் சட்டம் இயற்ற வேண்டுமானால் முதலில் அளவைக்குச் சட்டம் வேண்டும் அல்லவா!

கை அளவை எழுதும் முறையில் மாணவர்கள் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. 14.2 கை என்று எழுதினால் பதினான்கு கையும் இரண்டு அங்குலமும் என்று பொருள். அது பதின்மக் கணக்கு அன்று. பதினான்கை நான்கால் பெருக்கி இரண்டைக் கூட்டினால் 58 அங்குலம், அதாவது 147.32 செ.மீ. கிடைக்கும். பதின்மமாக எண்ணி 14.2 ஐ நான்கால் பெருக்கினால் 56.8 அங்குலம் வரும். ஒரு அங்குலத்துக்கு மேல் பிழை நேர்ந்துவிடும். இம்முறையில் 14.3 க்கு அடுத்து வருவது 14.4 அன்று, 15 ஆகும். நாட்டு எல்லைகளைக் கடந்த போட்டிகளை நடத்தும் பன்னாட்டுக் குதிரை விளையாட்டுக் கூட்டமைப்பு இக்குழப்பத்துக்கு இடமின்றிச் சென்டிமீட்டரையே பயன்படுத்துகிறது. அதன் விதிப்படி லாடம் இன்றி 148 செ.மீ. வரை, லாடத்துடன் 149 செ.மீ. வரை உள்ளவை மட்டக்குதிரைகள். அதற்கு மேற்பட்டவை குதிரைகள்.

இனி, எங்கே அளப்பது என்ற கேள்வி. தலை அசைவதால் அதை விட்டுவிட்டனர். குதிரையின் கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில், தோள்களுக்கு இடையே ஒரு மேடு உள்ளது. இதைத் தோள்மேடு எனலாம். நம் நாட்டுக் காளையின் திமில் தசையால் ஆனது. குதிரையின் தோள்மேடோ எலும்பால் ஆனது. முதுகெலும்பின் முள்ளெலும்புகள் அங்கே நீண்டு மேல்நோக்கி நிற்கின்றன. தலையை எப்படி அசைத்தாலும் அம்மேடு பெரிதும் இடம் மாறுவதில்லை. ஆகையால் தரையிலிருந்து தோள்மேட்டின் உச்சி வரை உள்ள நேர்க்குத்துயரமே குதிரையின் உயரம் எனப்படுகிறது.

தையற்காரர் பயன்படுத்தும் நாடாவால் இதை அளக்கக் கூடாது. நாடா விலாவின் வளைவோடு வளைந்து செல்லும். வளைந்த கோடு நேர்க்கோட்டைவிட நீளமானது. எனவே உயரம் மிகுதியாகக் காட்டப்படும். அளப்பதற்கென ஒரு கோல் உண்டு. நிமிர்ந்து நிற்கும் கோலில் அளவுகள் குறிக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து செங்குத்தாக ஒரு குறுக்குக்கை நீண்டிருக்கும். குறுக்குக்கையை மெல்ல இறக்கித் தோள்மேட்டைத் தொடும்படி வைப்பர். அக்கையில் ரசமட்டம் பொருத்தப்பட்டிருக்கும். குமிழி நடுவில் நிற்கும்போது மட்டுமே கோலில் உள்ள அளவைப் படிக்க வேண்டும். கை சற்றே சாய்ந்திருந்தாலும் அளவு பொய்த்துவிடும்.

கோல் செம்மையாக இருந்தால் போதுமா? தரையும் செம்மையாக இருக்க வேண்டும். மரைன் ஹில் போன்ற மேட்டுநிலத்தில் வாழ்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அங்குள்ள சாலை பலவும் ஏற்றமாகவோ இறக்கமாகவோதான் இருக்கும். பத்தடி செல்வதற்குள் ஓரடி உயரும் ஒரு சரிவில் ஆடு ஒன்று குறுக்காக நிற்கிறது என்று கொள்வோம். அதன் காலிலிருந்து ஓரடி தள்ளி, பள்ளத்துப் பக்கம் கோலை ஊன்றினால் ஆடு ஒரு அங்குலத்துக்கு மேல் வளர்ந்துவிட்டதுபோல் தெரியும். மேட்டுப் பக்கம் ஊன்றினால் அதே அளவு குட்டையாகத் தெரியும். ஆடு ஒன்றுதான். இரு பக்க அளவுகளுக்கும் இடையே இரண்டு அங்குலத்துக்கு மேல் வேறுபாடு வந்துவிடுகிறது. குறுங்குதிரைக் கண்காட்சியில் ஓர் உட்பிரிவின் முழு அகலமே இரண்டு அங்குலம்தான்! எனவேதான் அளக்கும் இடத்தில் கடினமான, சமமான தளம் வேண்டும் என்று விதிகள் வற்புறுத்துகின்றன. புல்தரையும் மணலும் ஏற்றவை அல்ல. குளம்பு அதில் புதைந்துவிடும்.

அடுத்து, குதிரை நிற்கும் நிலை. முன்கால்கள் இரண்டும் இணையாகவும் தரைக்குச் செங்குத்தாகவும் இருக்க வேண்டும். பின்கால்களும் உடலுக்குக் கீழே இயல்பாக ஊன்றியிருக்க வேண்டும். கால்களைப் பரப்பி நிறுத்தினால் உடல் தாழும். கூடாரத்தின் கால்களை அகற்றி வைத்தால் கூரை இறங்குவது போன்றது இது. தலை மிக உயர்ந்தோ மிகத் தாழ்ந்தோ இருந்தாலும் தோள்மேட்டின் உயரம் சற்று மாறும்.

குதிரையின் உடலமைப்பிலேயே மற்றொரு நுட்பமும் உள்ளது. மனிதனுக்குத் தோளையும் மார்பெலும்பையும் இணைக்கும் காறையெலும்பு இருக்கிறது. குதிரைக்கு அது இல்லை. அதன் மார்புக்கூடு இரண்டு முன்கால்களுக்கும் இடையே தசைகளால் மட்டுமே தாங்கப்பட்டுத் தொங்குகிறது. தொட்டில் துணியில் குழந்தை தொங்குவதை நினைத்துக்கொள்ளலாம். அச்சத்தால் தசைகள் இறுகினால் மார்புக்கூடு மேலெழும், தோள்மேடும் உயரும். களைப்பால் தசைகள் தளர்ந்தால் தோள்மேடு தாழும். ஆகவே அயலான இடத்துக்கு அப்போதுதான் வந்திறங்கி, மிரண்டு நிற்கும் குதிரை தன் உண்மை உயரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகத் தெரியும். நன்கு அளக்கத் தெரிந்தவர் கோலோடு குதிரையிடம் பாய மாட்டார். முதலில் கோலை அது முகர்ந்து பார்க்க விடுவார். கழுத்தைத் தடவிக் கொடுப்பார். மூச்சு சீரானபின் அளப்பார். மீண்டும் நடக்கவிட்டு, மறுபடி நிறுத்தி அளப்பார். பொறுமை இல்லாதவர் எடுத்த அளவு நம்பத்தக்கதன்று.

இவ்வளவு நுணுக்கம் இருந்தும் வழக்குகள் ஓய்வதில்லை. அமெரிக்காவில் குறுங்குதிரையைத் தோள்மேட்டின் உச்சியில் அளப்பதில்லை. பிடரிமயிரின் கடைசி மயிர் முளைத்துள்ள இடத்தில் அளக்கின்றனர். தோள்மேட்டின் உச்சி எது என்பதில் இருவர் வேறுபடலாம், மயிர் முடியும் இடம் கண்ணுக்குத் தெரியுமே என்பது இவ்விதியை ஆதரிப்போர் கூற்று. எதிர்ப்போர் கூறுவதும் புறக்கணிக்கத்தக்கதன்று. கடைசி மயிர் பல குதிரைகளுக்கு உச்சிக்குப் பின்னால், சற்றுத் தாழ்ந்த இடத்தில் முளைத்திருக்கும். ஆதலால் அதே குதிரை பிற நாட்டு முறையில் அளக்கப்பட்டால் உயரமாகிவிடும். மேலும், எலும்பை யாரும் இடம் மாற்ற இயலாது. மயிரையோ மழிக்கலாம், பிடுங்கலாம். அசையாத எலும்பைக் கொண்ட விதியே உறுதியானது என்பது தெளிவு. ஆனால் ஒரு முறையில் பல்லாண்டுகளாக ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பதிவு செய்துவிட்டபின் முறையை மாற்றினால், நேற்றுவரை 34 அங்குலத்துக்குள் இருந்த குதிரைகள் பல வரம்பைத் தாண்டி நின்றுவிடும். அதனால் மாற்றம் எளிதன்று.

மயிரைப் பிடுங்குவது குதிரைக்குச் சிறு வலி. இதனினும் கொடியவை உண்டு. வரம்பைச் சிறிதளவு தாண்டிய குதிரையின் குளம்பை மிகுதியாகச் சீவிவிடுவோர் உள்ளனர். குளம்பும் நகம் போன்றதுதான். வளர வளர அதைச் சீவியே ஆக வேண்டும். ஆனால் அளவுக்கு மேல் சீவினால் உள்ளிருக்கும் மென்பகுதி தரையில் உராயும். நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டிக்கொண்டவர்க்கு அவ்வலி தெரியும். குதிரையோ அந்த வலியின்மேல் தன் முழு எடையையும் ஊன்றி நிற்க வேண்டும். அளப்பதற்கு முன் குதிரையை ஓடவிட்டு அது நொண்டுகிறதா என்று பார்ப்பது இதற்காகவே. கோலைக் கண்டவுடன் உடலைத் தாழ்த்தும்படி குதிரையைப் பழக்குவோரும் உண்டு. அப்பழக்கம் அன்பால் ஏற்படுவதன்று. தமிழ்நாட்டில் ஜல்லிக்கட்டுக் காளைகளின் உயரத்தையும் வயதையும் உடல்நலத்தையும் கால்நடை மருத்துவரே பார்த்துச் சான்று அளிக்கும் முறை உள்ளது. அளவைக் கோல் போட்டியில் பங்கில்லாதவர் கையில் இருப்பதே இதன் சிறப்பு.

சிறியதே சிறப்பு என்ற எண்ணம் முற்றினால் வேறொரு தீங்கும் விளையும். உலகின் மிகச் சிறிய குதிரை என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்ற தம்பெலினா அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில் வாழ்ந்தது. உயரம் 44.5 செ.மீ. மட்டுமே. ஒரு வீட்டுப்பூனையோடு சேர்த்து நிறுத்திப் பார்க்கத்தக்க உருவம். ஆனால் அது வளர்ச்சிக் குறையோடு பிறந்த குதிரை. அதன் கால்கள் உடலுக்கு ஏற்ற அளவில் அமையாததால் அவற்றை நேராக்கக் கருவி பொருத்த வேண்டியிருந்தது. குள்ளமாகப் பிறக்கும் குறுங்குதிரைகளுக்கு வளைந்த கால்கள், முட்டிய நெற்றி, பொருந்தாத தாடை ஆகிய குறைகள் நேர்கின்றன. நலமான குறுங்குதிரைக்கும் பல்லில் தொல்லை மிகுதி. தலை சிறுத்த அளவுக்குப் பற்கள் சிறுக்கவில்லை. அவை நெருக்கியடித்துக்கொண்டு முளைக்கின்றன. குள்ளத்தன்மைக்குக் காரணமான மரபணு தாய், தந்தை இருவரிடமும் மறைந்திருந்தால் குட்டியிடம் வெளிப்படலாம். இதைக் கண்டறியும் மரபணுச் சோதனை இப்போது உள்ளது. அமெரிக்கச் சங்கமும் குள்ளக் குறை உடையவற்றைத் தன் பதிவேட்டில் ஏற்பதில்லை. இங்கே ஒரு குறை எஞ்சி நிற்கிறது. 34 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்று விதி கூறுகிறது. எவ்வளவுக்குக் கீழே போகக் கூடாது என்று அது கூறவில்லை. மேல்வரம்பு வகுத்தவர்கள் கீழ்வரம்பையும் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

ஆடி மாதத்தில் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் குதிரைச் சந்தை கூடுகிறது. திப்பு சுல்தான் காலம் தொட்டு இது நடைபெறுவதாக மக்கள் கூறுவர். காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொட முயலும் மார்வாரிக் குதிரைகளும், கத்தியவாரிக் குதிரைகளும், வெண்ணிற நுக்ராக் குதிரைகளும் அங்கே வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். அவற்றின் நடுவே மட்டக்குதிரைகளும் நிற்கும். சிறுவர் கூட்டம் முதலில் சூழ்வது மட்டக்குதிரைகளையே. வாங்க வருபவர் பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். உயரத்தைக் கண்ணாலேயே மதிப்பிடுவோர் உண்டு. தம் மார்போடு குதிரையின் தோள்மேட்டை ஒப்பிட்டுப் பார்ப்போரும் உண்டு. பந்தயத்துக்கு வாங்குபவருக்கு அக்கணிப்பு போதாது. வண்டியில் பூட்டும் நாளில் அங்குலம் பேசும்.

குட்டியாக வாங்கப்படும் குதிரையில் மற்றொரு கணக்கும் இருக்கிறது. அது வளரும். ஆகையால் குறுங்குதிரைச் சங்கங்கள் குட்டிக்கும், ஓராண்டு நிரம்பியதற்கும், ஈராண்டு நிரம்பியதற்கும் தனித்தனி வரம்புகளை வைத்துள்ளன. வளர்ச்சி முடியும் வரை மீண்டும் மீண்டும் அளக்கின்றன. முழு வளர்ச்சியில் 34 அங்குலத்தைத் தாண்டிய குதிரை, இரு பிரிவுகள் உள்ள பதிவேட்டில் 'ஏ' பிரிவிலிருந்து 'பி' பிரிவுக்கு மாற்றப்படும். 38 அங்குலத்தையும் தாண்டினால் பதிவேட்டில் அதற்கு இடமில்லை. பந்தய ஊர்களிலும் அப்படியே. சென்ற ஆண்டு சிறிய குதிரைப் பிரிவில் ஓடியது, இவ்வாண்டு கோலுக்கு மேல் தோள்மேடு தெரிய நின்றால், நடுக்குதிரைகளோடு பூட்டப்படும். சென்ற ஆண்டு முன்னே ஓடிய அது, இவ்வாண்டு தன்னினும் நெடிய கால்களுக்குப் பின்னே புழுதியில் ஓட வேண்டியிருக்கலாம்.